1000 கஜத்துக்குத் தோட்டாவின் வெடிமருந்து நிறுப்பது: தராசு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

டெக்ஸாஸில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: ".308 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கிக்கு நானே தோட்டா நிரப்புகிறேன். 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு விழுகின்றன. 1000 கஜத்துக்குப் போனால் மேலும் கீழுமாகச் சிதறுகிறது. என் டிஜிட்டல் தராசு 0.1 கிரெயின் வரைதான் காட்டும். 0.02 காட்டும் தராசு வாங்கினால் சரியாகிவிடுமா அண்ணா?"

வாங்கலாம் தம்பி, ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் உங்களிடம் இருக்கும் தராசு உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். 0.1 வரை காட்டினாலும் நேற்றும் இன்றும் ஒரே பேச்சு பேசும் தராசு போதும், நீங்கள் இன்னும் வெகுதூரம் போகலாம். மூன்று தசம ஸ்தானம் காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் பேச்சை மாற்றும் தராசு உங்களைக் கவிழ்த்துவிடும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கிரெயின் என்பது தானிய மணியில் பிறந்த பழைய ஆங்கிலேய எடை. நம் பக்கம் நெல்லெடை, குன்றிமணி என்று பொன்னை நிறுத்தார்களே, அதே வழிதான். இன்று ஒரு கிரெயின் என்பது 64.79891 மில்லிகிராம் என்று அறுதியிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நகைக்கடைக் கணக்கில் ஒரு பவுன், அதாவது 8 கிராம், 123 கிரெயினுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் .308-க்குள் போகும் மருந்து 40 சொச்சம் கிரெயின். பவுனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 0.1 கிரெயின் என்பது வெறும் 6.5 மில்லிகிராம். குச்சி வடிவ மருந்தில் ஒரு மணியின் எடை சுமார் 0.02 கிரெயின். ஐந்து மணி சேர்ந்தால்தான் உங்கள் தராசில் ஒரு இலக்கம் மாறும்.

.308-இல் 0.1 கிரெயின் கூடினால் குண்டின் வேகம் வினாடிக்கு 5, 6 அடி கூடும். 1000 கஜத்தில் ஒவ்வோர் அடி வேக வித்தியாசமும் குண்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளும். எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டியின் இலக்கில் 1000 கஜத்துக்கு நட்டநடுவில் இருக்கும் எக்ஸ் வளையத்தின் குறுக்களவு 5 அங்குலம், பத்து வளையம் 10 அங்குலம். வேகத்தில் 20 அடி வித்தியாசம் இருந்தால் எக்ஸ் வளையத்தின் உயரத்தைத் தாண்டி விழும். அதே 20 அடி 100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகர்த்தும். 100 கஜத்தில் ஒட்டிக்கொண்டு விழுகிறதே என்று நீங்கள் குழம்பியதற்குக் காரணம் இதுதான். அந்தத் தூரத்தில் மருந்தின் குறை வெளியே தெரியாது.

இப்போது தராசுக்கு வருவோம். உங்கள் தராசு நேர்மையாக 0.1 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எடை அந்த எண்ணுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.05-க்குள் இருக்கும். அதனால் வரும் வேகத்தின் திட்ட விலக்கம், அதாவது குண்டுக்குக் குண்டு வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவு, சுமார் 1.6 அடி. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், பித்தளைக் கூட்டின் உள்ளளவு, கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம் இவையெல்லாம் சேர்ந்து 8 அடி தருகின்றன என்போம். இந்த விலக்கங்களை நேராகக் கூட்டக்கூடாது, வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் பார்க்க வேண்டும். 8-உம் 1.6-உம் சேர்ந்தால் 8.2-தான் வரும். உலகத்திலேயே சிறந்த தராசை வாங்கி வைத்தாலும் 8-க்குத்தான் இறங்கும். 0.2 அடிக்காக அவ்வளவு பணமா? தராசு 0.1 இந்தப் பக்கம், 0.1 அந்தப் பக்கம் என்று தள்ளாடினாலும் மொத்தம் 8.6-தான்.

மற்றவற்றை நீங்கள் 4 அடிக்குக் கொண்டுவந்துவிட்டால் கதை மாறும். அப்போது தள்ளாடும் தராசு மொத்தத்தை 5-க்கு மேலே இழுக்கும், நல்ல தராசு 4-லேயே நிறுத்தும். 20 குண்டு சுட்டால் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளி திட்ட விலக்கத்தைப் போல் மூன்றரை மடங்குக்குமேல் இருக்கும். அந்த இடத்தில் ஒவ்வோர் அடியும் புள்ளிகளாக மாறும். அந்த நிலைக்கு வந்த பிறகு தாராளமாக வாங்குங்கள்.

மேலே போட்ட கணக்கெல்லாம் தராசு நகராமல் இருந்தால்தான் செல்லும். நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குளிர்காலத்தில் கராஜில் உட்கார்ந்து 50 தோட்டா நிரப்பினேன். ஜில்லென்று கிடந்த தராசை எடுத்து வைத்து, ஹீட்டரையும் தராசையும் ஒன்றாகப் போட்டு, உடனே வேலையை ஆரம்பித்தேன். நிரப்பிய வரிசைப்படியே பெட்டியில் அடுக்கியிருந்ததால் பிழைத்தேன். போட்டியில் கடைசிப் பத்துத் தோட்டாவும் முதல் பத்தைவிட நாலைந்து அங்குலம் மேலே விழுந்தன. காற்று மாறவில்லை, வெயில் மாறவில்லை. வீட்டுக்கு வந்து அதேபோல் குளிர்ந்த தராசைப் போட்டு, எடைக்கல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். அறை சூடாகச் சூடாக அதே கல் 0.3 கிரெயின் குறைவாகக் காட்டியது. தராசு குறைத்துக் காட்டக் காட்ட நான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். திரையில் ஐம்பது முறையும் ஒரே எண்தான்.

இதன் காரணம் தராசின் வயிற்றுக்குள் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் தராசில் ஒரு சின்ன உலோகப் பட்டை எடைக்கு வளையும். அதில் ஒட்டிய இழையின் மின்தடை மாறுவதை அளந்து எடையாகக் காட்டுகிறார்கள். சூடு ஏறினால் பட்டையும் மாறும், மின்சுற்றும் மாறும். ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ மாதிரியான ஆய்வகத் தராசுகளில் வழி வேறு. தட்டு இறங்கப் பார்க்கும்போது காந்தத்துக்குள் இருக்கும் சுருளில் மின்சாரம் பாய்ந்து அதை இருந்த இடத்திலேயே தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதே எடை. 0.001 கிராம் வரை காட்டும், கிரெயினில் 0.02. ஒரு மணி விழுந்தால் சட்டென்று சொல்லிவிடும். அருமையான கருவிதான், ஆனால் அதையும் முன்கூட்டியே போட்டுச் சூடேற விடவேண்டும், அதுவும் காற்றுக்கு ஆடும்.

நகைக்கடையில் தராசை ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். அதே காரணம்தான் நமக்கும். ஏசியின் காற்று நேராக மேசைமேல் விழுந்தால் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. தராசை மின்விசிறி, ஏசி, ஹீட்டர் எதற்கும் நேராக வைக்காதீர்கள். மேசை ஆடக்கூடாது. கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். அதன் அலைகள் சில தராசுகளை ஆட்டிவைக்கும், உங்கள் கவனத்தையும் ஆட்டிவைக்கும். தராசை அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

எடைக்கல் கட்டாயம் வேண்டும். தராசோடு வரும் 50 கிராம், 100 கிராம் கல் அளவு திருத்துவதற்கு உதவும், ஆனால் நீங்கள் நிறுக்கப்போவது 3 கிராமுக்கும் குறைவு. உங்கள் அளவுக்குப் பக்கத்தில் வரும் கல் ஒன்று, 2 கிராமும் அரை கிராமும் சேர்ந்ததுபோல, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கையால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை அந்தக் கல்லை வைத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் நிறுத்துங்கள், அந்தப் பத்தையும் திரும்பக் கொட்டி நிறுங்கள். இன்னொரு எளிய வழியும் உண்டு. தட்டை வைத்துப் பூஜ்யம் ஆக்கிய தராசிலிருந்து தட்டைத் தூக்கினால் திரை கழித்தல் குறியோடு தட்டின் எடையைக் காட்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தராசில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் கண் அங்கே ஒருமுறை போகட்டும். தராசு நகர ஆரம்பித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்.

இன்று ஒரு சோதனை செய்யுங்கள். மருந்தே வேண்டாம். எடைக்கல்லைத் தட்டில் வைத்து எண்ணை எழுதுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். இப்படி முப்பது முறை, அரை மணி நேரத்துக்குப் பரத்திச் செய்யுங்கள். முப்பதும் ஒரே எண்ணாகவோ, எப்போதாவது ஒரு இலக்கம் தள்ளியோ வந்தால் உங்கள் தராசு நல்ல தராசு. மெல்ல மெல்ல ஒரே பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ உங்கள் சிதறலில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

கோலும் நகரும் எடையும் கொண்ட பழைய பீம் தராசைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. ஆர்சிபிஎஸ் 505, ஓஹாஸ் 10-10 போன்றவை. கத்திமுனை போன்ற அச்சு அகேட் கல்மேல் உட்கார்ந்து ஆடும். கோலோடு சேர்ந்த செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே அசையும்போது சுழல் மின்னோட்டம் எழுந்து ஆட்டத்தை அடக்கும். கரண்ட் வேண்டாம், சூடேற வேண்டாம். அச்சைத் தூசி இல்லாமல் துடைத்து, மட்டம் பார்த்து வைத்தால் ஒற்றை மணிக்குக்கூட முள் அசையும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், தூசியைப் பிடித்துவைக்கும். முள்ளைக் கண் மட்டத்துக்கு நேராகப் பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளித்தான் தெரியும். பலர் முள்ளுக்கு நேரே சின்ன கேமரா வைத்துத் திரையில் பார்க்கிறார்கள், நல்ல யோசனை. ஒரே ஆபத்து, நகரும் எடை தவறான பள்ளத்தில் உட்கார்ந்துவிடுவது. ஒரு பள்ளம் தள்ளினால் சில ரகங்களில் 5 கிரெயின், சிலவற்றில் 10 கிரெயின் மாறிவிடும். ஆரம்பிக்கும் முன் எடைக்கல்லை வைத்துப் பார்த்தே தீரவேண்டும்.

சரி, நிறுக்கும் முறைக்கு வருவோம். பவுடர் மெஷர் என்பது நம் படி மாதிரி, எடையை அல்ல, கொள்ளளவை அளக்கும். படியில் அரிசி அளக்கும்போது தட்டித் தட்டி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும், தளர விட்டால் குறையும். மெஷரும் அப்படியே. கைப்பிடியை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் இழுத்தால் அளவு மாறும். கசகசா போன்ற உருண்டை மருந்து சீராக இறங்கும். குச்சி மருந்து இடியாப்பம்போல அச்சில் பிழிந்து நறுக்கியது. குறுக்கே படுத்து ஒன்றின்மேல் ஒன்று பாலம் கட்டிக்கொள்ளும், உருளையின் விளிம்பில் மாட்டி நறுக்கென்று வெட்டுப்படும். 1000 கஜத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கிவைத்துச் சுடும் 100, 200 கஜ பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் பலர் மைதானத்திலேயே உட்கார்ந்து 6 மிமீ பிபிசி (PPC) ரகத் தோட்டாவுக்கு மெஷரால்தான் போடுகிறார்கள், தராசுகூட வைப்பதில்லை, அவர்களுடைய குண்டுகள் ஒட்டி விழும் நெருக்கத்தைப் பார்த்தால் வியந்துபோவீர்கள். முரண்பாடு எதுவும் இல்லை, அந்தத் தூரத்தில் வேகம் கொஞ்சம் மாறினாலும் குண்டு அங்கேயேதான் விழும். அவர்கள் முறையை 1000 கஜத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

நான் செய்வது இப்படி. மெஷரை இலக்குக்கு 0.3 கிரெயின் குறைவாக வைத்து நேராகத் தட்டில் விடுவேன். தட்டைத் தராசில் வைத்து, மணி மணியாக மருந்தை விடும் டிரிக்ளர் குழாயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லத் திருப்புவேன். குழாயின் வாயில் நாலைந்து மணி வரிசைகட்டி நிற்கும், அதில் ஒன்று சாய்ந்து தலையை நீட்டும், விழும். உலோகத் தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். திரை அசையாது. இன்னொன்று. இன்னும் அசையாது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. பல டிஜிட்டல் தராசுகள் மெதுவாக வரும் மாற்றத்தைத் தன் சொந்தத் தடுமாற்றம் என்று நினைத்து விழுங்கிவிடும். பூஜ்யம் நிலையாக நிற்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. எட்டுப் பத்து மணி போன பிறகு திடீரென்று இரண்டு இலக்கம் தாவும். அதனால் இலக்கைத் தொட்டதும் தட்டைத் தூக்கி, சீட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து, மறுபடி வைத்து, எண் நிலைத்து நின்ற பிறகுதான் நம்புவேன். கூடிவிட்டால் சாமணத்தால் ஒன்றிரண்டு மணியை எடுத்துவிட்டு, மறுபடி தூக்கிவைத்துப் பார்ப்பேன். அந்தப் பூஜ்யத் தொடர்வை அணைக்க வழி இருக்கும் தராசு என்றால் அணைத்துவிடுங்கள்.

ஒற்றை மணிக்கு மேல் போகவேண்டாம். மணியைப் பாதியாக வெட்டிப் போடலாமா என்றுகூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு மணி ஒரு அடி வேகம்தான் தரும். பிரைமரே அதைவிட அதிகமாக மாறும்.

குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு கிடக்கும்போது நிலைமின்சாரம் பெரிய தொல்லை. பிளாஸ்டிக் புனலின் சுவரில் மணிகள் ஒட்டிக்கொள்ளும். சரியாக நிறுத்துவிட்டுப் புனலில் மூன்று மணியை விட்டுவிட்டால் நிறுத்ததே வீண், அதுவும் அந்த மூன்றும் அடுத்த தோட்டாவுக்குள் போகும். உலோகத் தட்டு, உலோகப் புனல் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் புனலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள்.

மருந்து ஈரத்தையும் வாங்கும், விடும். திறந்த மெஷரில் இரவு முழுக்க விட்டுவைத்தால் மறுநாள் அதே எடைக்கு அதே வேகம் வராது. ஈரம் ஏறிய மருந்து மெதுவாக எரியும், காய்ந்தது வேகமாக எரியும். தராசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் சொல்லாது. வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்கவேண்டும். இரண்டு டப்பா இருந்தால் என்றாவது ஒருநாள் தப்பான டப்பாவுக்குள் கொட்டுவோம், அந்த மருந்தைக் கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது.

தராசு கிராமில் இருக்கிறதா கிரெயினில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கை தவறி அந்தப் பொத்தான் பட்டுவிடும். எவ்வளவு மருந்து என்பதை மருந்துக் கம்பெனியின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்து மேலே வாருங்கள். இணையத்தில் யாரோ சொன்ன அளவு, நான் சொன்னதாகவே இருந்தாலும், உங்கள் துப்பாக்கிக்கு இல்லை. மருந்து நிரப்பி முடித்ததும், குண்டை அழுத்தும் முன், எல்லாக் கூடுகளையும் பலகையில் நிற்கவைத்து டார்ச் அடித்து மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். இதை நான் ஒருநாளும் விட்டதில்லை.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து குண்டு சுட்டு, திட்ட விலக்கம் 6 வந்தது என்று மகிழவேண்டாம். ஐந்தில் வந்த 6-இன் உண்மை மதிப்பு மூன்றரையிலிருந்து 17 வரை எதுவாகவும் இருக்கலாம். முப்பது சுட்டால்தான் அது ஏறக்குறைய 5-க்கும் 8-க்கும் நடுவே அடங்கும். தராசை மாற்றியதால் முன்னேற்றம் என்று சொல்பவர்களில் பலர் ஐந்து குண்டை வைத்துத்தான் சொல்கிறார்கள். நீங்கள் முப்பது சுடுங்கள், நிரப்பிய வரிசையிலேயே சுடுங்கள். வரிசையில் போகப் போக வேகம் ஒரே பக்கமாக ஏறினால் தராசு. ஏற்றமும் இறக்கமும் கலந்து வந்தால் கூட்டின் கழுத்தைப் பாருங்கள்: எத்தனை முறை சுட்ட கூடு, சூடாக்கிப் பதப்படுத்தினீர்களா, குண்டை அழுத்தும்போது எல்லாம் ஒரே இறுக்கமாகப் போகிறதா. பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தராசுக்கு வைத்திருக்கும் பணத்தில் இப்போது ஒன்று வாங்குவதாக இருந்தால், ஒரே லாட் எண், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண், போட்ட 8 பவுண்டு டப்பா மருந்தை வாங்குங்கள். 56,000 கிரெயின், 44 கிரெயின் வீதம் 1270 தோட்டா வரும். லாட் மாறினால் எரியும் வேகமும் அடர்த்தியும் கொஞ்சம் மாறும், பழைய எடையே புது வேகம் தரும், மறுபடி கீழிருந்து தொடங்கவேண்டும். அந்த லாட் எண்ணைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள், அதன் கீழே இன்று எடைக்கல் காட்டிய முப்பது எண்களையும்.